பார்வையுள்ளோரும் பார்வையற்றோரும் ஒரே கணினியில்: என்விடிஏ இருக்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. பள்ளி வேலைக்காக நானும், பாடத்துக்காகப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும், வங்கிக் கணக்கு, மின்கட்டணம் ஆகியவற்றுக்காக என் மனைவியும் அதையே பயன்படுத்துகிறோம். எனக்குப் பார்வை இல்லை. அவர்கள் இருவருக்கும் உண்டு. திரையில் இருப்பதை எனக்குப் பேச்சாக்கித் தருவது என்விடிஏ என்னும் திரைவாசிப்பான்; சிலர் இதைத் திரைநவிலி என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளைக் காசு கொடுக்காமல் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதால், நம் ஊரில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதுவே ஓடுகிறது. ஆகவே இங்கே நான் சொல்லும் விசைகள் எல்லாம் வின்டோஸில் இயங்கும் என்விடிஏவுக்கு உரியவை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்வையுள்ளவர் கணினியின் முன் உட்கார்ந்ததும் எந்தச் சாளரம் திறந்திருக்கிறது, ஒலி அணைந்திருக்கிறதா, எழுதுவது தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையெல்லாம் ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறார். பார்வையற்றவருக்கு அந்த அறிவு கடைசியாகக் காதில் விழுந்த சொல்லிலும், தாம் கடைசியாக அழுத்திய விசையிலும்தான் இருக்கிறது. இடையில் மற்றொருவர் சொல்லாமல் ஒன்றை மாற்றிவிட்டால், அந்த மாற்றம் சிறிதானாலும், அவர் அறிந்துவைத்திருந்த கணினி வேறொன்றாகிவிடுகிறது. பகிர்ந்துகொள்வதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தச் சொல்லாத மாற்றத்திலிருந்து வருபவையே.

ஆளுக்கொரு கணக்கு

வின்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கை உருவாக்கிவிடுவதே முதல் வேலை. அமைப்புகளில் கணக்குகள் என்னும் பகுதிக்குப் போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினியில் நிறுவப்பட்ட என்விடிஏ தன் அமைப்புகளைப் பயனருக்குப் பயனர் தனித்தனியாகவே வைத்துக்கொள்வதால், என் கணக்கில் குரல் நான் விரும்பும் வேகத்தில் பேசும்; மகளின் கணக்கில் அது தொடங்கவே தொடங்காது. என்விடிஏவின் பொது அமைப்புகளில் உள்நுழைந்த பின் தொடங்கு என்ற பொருள்படும் பெட்டியைப் பார்வையற்றவரின் கணக்கில் மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். உள்நுழைவுத் திரையிலும் பேச வேண்டும் என்பதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதை எல்லாருக்கும் பொதுவாக இயக்கிவைத்துவிடுங்கள். இல்லையேல் பார்வையற்றவர் தம் பெயரைத் தேடிக் கடவுச்சொல்லை இடும் இடத்திலேயே நின்றுவிடுவார்.

தனிக் கணக்கு வைக்க முடியாத இடங்களும் உண்டு. பள்ளிக் கணினி அறையிலும் சில அலுவலகங்களிலும் எல்லாரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். அங்கே ஒரு சிறிய ஏற்பாடு பெரிதும் உதவும். வெளியேறும்போது அமைப்புகளைச் சேமி என்ற பெட்டி என்விடிஏவில் இயல்பாகவே தேர்வு பெற்றிருக்கும். அதை நீக்கிவிட்டு, உங்களுக்கு உகந்தபடி எல்லாவற்றையும் சரிசெய்தபின் என்விடிஏ விசையான இன்சர்ட் (அதன் கட்டளைகள் பெரும்பாலும் இதனுடன்தான் தொடங்கும்), கன்ட்ரோல், சி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒருமுறை சேமித்துவிடுங்கள். அதன்பின் யார் வேகத்தைக் குறைத்தாலும், குரலை மாற்றினாலும், அந்த மாற்றம் என்விடிஏவை மூடியதும் போய்விடும். மூடாமலே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் இன்சர்ட், கன்ட்ரோல், ஆர் என்று ஒருமுறை அழுத்தினால் போதும். மூன்று முறை அழுத்தினால் தொழிற்சாலை நிலைக்கே போய்விடும் என்பதால் இதில் கவனம் வேண்டும்.

பேச்சை நிறுத்துவது எப்படி

பார்வையுள்ள ஒருவர் உட்கார்ந்ததும் கணினி படபடவென்று பேசத் தொடங்கினால், அவர் கை முதலில் தேடுவது ஒலியைக் குறைக்கும் பொத்தானைத்தான். அதைச் செய்யாதீர்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டினால் போதும். ஷிஃப்டைத் தட்டினால் பேச்சு இடையில் நிற்கும். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கொஞ்ச நேரம் மௌனமாக இருக்க வேண்டுமானால் இன்சர்ட்டுடன் எஸ் விசையை அழுத்தலாம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது தான் மாறும் பேச்சு நிலையின் பெயரைச் சொல்லும். நிறுத்தம் என்ற நிலை வந்ததும் விட்டுவிடலாம். ஆனால் அரை மணிக்கு மேல் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் பேச்சை மட்டும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய் மூடியிருந்தாலும் என்விடிஏ விசைகளைத் தன் பிடியில்தான் வைத்திருக்கும். வலைப்பக்கத்தில் நீங்கள் எச் என்று அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், பி என்று அழுத்தினால் அடுத்த பொத்தானுக்கும் அது தாவிவிடும். அம்புக்குறிகளால் விளையாடும் விளையாட்டு அசையாது. கேப்ஸ்லாக்கை என்விடிஏவின் விசையாக வைத்திருந்தால் ஒருமுறை அழுத்தியதும் ஒன்றும் நடக்காது, அடுத்தடுத்து இருமுறை தட்டினால்தான் பெரிய எழுத்துக்கு மாறும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று என் மகள் ஒரு மாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தாள். எனவே நீண்ட வேலைக்கு இன்சர்ட்டுடன் க்யூ அழுத்தி, வரும் உரையாடல் பெட்டியில் என்டர் தட்டி, முழுவதுமாக வெளியேறிவிடுங்கள். எழுந்து போகுமுன் கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி மறுபடி இயக்கிவிட்டு, அது பேசுவதைக் காதால் கேட்டபின் நாற்காலியை விட்டு எழுங்கள். திரையை அணைத்துவிட்டுப் பார்வையுள்ளவரிடம் கணினியைத் தருவது எப்படியோ, பேச்சை அணைத்துவிட்டுப் பார்வையற்றவரிடம் தருவதும் அப்படியே.

ஒலியும் திரையும்

ஒரு நாள் காலையில் நான் கணினியை இயக்கியபோது சத்தமே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், என் அழுத்திப் பார்த்தேன், ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை அன்று காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அப்போது மகள் முதல் நாள் இரவு சேமிக்காமல் திறந்துவைத்திருந்த செயல்திட்டக் கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்கள் போயின. முந்தைய இரவில் அவள் புளூடூத் ஒலிபெருக்கியில் பாடம் கேட்டிருக்கிறாள். அது அடுத்த அறையில் போர்வைக்கடியில் விழித்துக்கொண்டிருந்தது. கணினி பேசிக்கொண்டுதான் இருந்தது. அங்கே, போர்வைக்கு உள்ளே.

அன்று முதல் என்விடிஏவின் ஒலி வெளியீட்டை நான் கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே கட்டிவைத்துவிட்டேன். புதிய பதிப்புகளில் என்விடிஏ அமைப்புகளின் ஒலிப் பகுதியிலேயே வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இயல்பு நிலையை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டால், பாட்டும் பாடமும் எந்தச் சாதனத்துக்குப் போனாலும் திரைவாசிப்பானின் குரல் இடம் மாறாது. புளூடூத்தில் பேச்சின் முதல் அசை விழுங்கப்படும் தொல்லையும் இதனால் இல்லாமற்போகிறது.

திரை விஷயத்தில் தவறு எங்கள் பக்கத்திலும் உண்டு. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பார்வையற்றவர் திரையை அணைத்துவைப்பார்; அல்லது திரைச்சீலையை இயக்கியிருப்பார். திரைச்சீலை என்பது என்விடிஏவில் உள்ள ஒரு வசதி. இன்சர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் அழுத்தினால் திரை முழுவதும் கறுப்பாகிவிடும், கணினி மட்டும் வழக்கம்போல் ஓடும். பின்னால் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் கடிதம் எழுதவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் இது வேண்டும். பார்வையற்றவருக்குத் தம் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது பல நேரம் தெரியாது. ஆனால் வேலை முடிந்ததும் அதே விசைகளை அழுத்தி விலக்கிவிட வேண்டும். அடுத்து உட்கார்பவர் கணினி பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப்போன கதையும் உண்டு.

இருவரும் ஒன்றாக உட்காரும்போது

மேலே சொன்னவை எல்லாம் ஒருவர் எழுந்து மற்றொருவர் உட்காரும் முறைக்கு. இருவரும் ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்யும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

கணினியில் மவுஸின் சுட்டி ஓரிடத்திலும், விசைப்பலகையின் குவியம், அதாவது அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம், வேறோர் இடத்திலும் இருக்கலாம். பார்வையுள்ளவர் சுட்டியைப் பின்தொடர்கிறார். திரைவாசிப்பான் பெரும்பாலும் குவியத்தைப் பின்தொடர்கிறது. ஆகவே “இதோ இங்கதான்ப்பா இருக்கு” என்று மகள் திரையைத் தொட்டுச் சொன்னாலும், அந்த இங்கே எனக்கு எங்கேயும் இல்லை. வலது மேல் மூலையில் நீலப் பொத்தான் என்று சொல்வதும் அப்படித்தான். அதற்கு மாறாக, பொத்தானில் எழுதியிருக்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். அது பொத்தானா, இணைப்பா, தேர்வுப் பெட்டியா என்று சொல்ல வேண்டும். எந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. சமர்ப்பி என்ற பொத்தான், பெற்றோர் விவரம் என்ற தலைப்புக்குக் கீழே என்று சொன்னால், நான் எச் விசையால் தலைப்புகளைத் தாண்டி, பி விசையால் பொத்தானை அடைந்துவிடுவேன். இன்சர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள இணைப்புகள், தலைப்புகள், பொத்தான்கள் எல்லாம் பட்டியலாகவே வந்துவிடும்.

இதையும் மீறி விசைப்பலகைக்கு அகப்படாத இடங்கள் உண்டு. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் நிரப்பியபோது, பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய அந்தப் படிவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு நாட்காட்டி திறந்தது. அதில் டேப் விசை எத்தனை முறை அழுத்தினாலும் நாட்களுக்குள் நுழையவில்லை. மகளே சொடுக்கியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் அதன்பின் படிவத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமற்போயிருக்கும்; மீதி எல்லாவற்றையும் அவளே செய்ய வேண்டியதாகியிருக்கும். எனவே அவளிடம் மவுஸின் சுட்டியை அந்தத் தேதியின் மேல் கொண்டுபோய்ச் சொடுக்காமல் அசையாமல் பிடித்திருக்கச் சொன்னேன். எண்பலகையில் உள்ள நட்சத்திர விசையை இன்சர்ட்டுடன் அழுத்தினால் என்விடிஏவின் பொருள்சுட்டி (அது அப்போது கவனிக்கும் பொருளைக் குறிப்பது) மவுஸ் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். பதினேழு என்று அது சொன்னது. எண்பலகையின் என்டரை இன்சர்ட்டுடன் அழுத்தினேன், தேதி பதிவாகியது. மடிக்கணினி விசையமைப்பில் இதற்கு என்விடிஏ விசை, ஷிஃப்ட், என் என்றும், பிறகு என்விடிஏ விசையும் என்டரும் என்றும் அழுத்த வேண்டும். கண்ணையும் காதையும் இணைக்கும் பாலமாக நான் கருதுவது அந்த நட்சத்திர விசையைத்தான். திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிலேயே பலர் இதைக் கற்றுக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். எண்பலகை விசைகள் சரியாக வேலை செய்ய நம்லாக் அணைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

எதிர்ப்பக்கத்துப் பாலமும் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்பது அருகில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமானால், என்விடிஏ அமைப்புகளின் பார்வைப் பகுதியில் காட்சி முன்னிலைப்படுத்தலை இயக்கிவிடலாம். குவியம் இருக்குமிடத்தைச் சுற்றி நீலக் கோடும், வலைப்பக்கத்தில் படிக்குமிடத்தைச் சுற்றி மஞ்சள் கோடும் வரும். என் பேச்சு வேகம் என் மனைவிக்குப் புரியாது. அதற்காக நான் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைப்பதுமில்லை. இன்சர்ட்டுடன் என் அழுத்தி, கருவிகள் பட்டியலில் பேச்சுத் தோற்றத்தைத் திறந்துவிட்டால், என்விடிஏ பேசுவதெல்லாம் எழுத்தாக ஒரு சிறு சாளரத்தில் ஓடும். பார்வையற்ற மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை.

சேர்ந்து உட்காரும்போது கையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். விசைப்பலகை பார்வையற்றவரிடமே இருக்கட்டும். அவர் விரலைப் பிடித்து விசையின் மேல் வைக்காதீர்கள். விசையின் பெயரைச் சொல்லுங்கள். மவுஸைத் தொடுவதற்கு முன் தொடட்டுமா என்று கேளுங்கள். அவர் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும்போது மவுஸை அசைத்தால், அதன் கீழே வருவதையெல்லாம் என்விடிஏ இடையில் புகுந்து படிக்கத் தொடங்கிவிடும். அது தொல்லையாக இருந்தால் இன்சர்ட்டுடன் எம் அழுத்தி மவுஸைப் பின்தொடர்வதை நிறுத்திக்கொள்ளலாம். படத்திலுள்ள எழுத்தைக் கேட்கும் சரிபார்ப்பு வரும்போது கண் உதவி தேவைதான். அப்போதும் எழுத்துகளை நீங்கள் படித்துச் சொல்ல, அவரே தட்டச்சு செய்யலாம். கடவுச்சொல்லை மட்டும் யாரும் யாருக்கும் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வேறு

தமிழில் வேலை செய்யும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் அழகான தமிழாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவங்கள். பாமினியில் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்தையே பார்க்கிறது. ஆகவே நான்கு பக்கச் சுற்றறிக்கை என் காதில் பொருளற்ற ஆங்கில ஒலிகளாக விழுகிறது. அனுப்பியவரிடம் படிக்க முடியவில்லை என்று சொன்னால், அவர் தம் திரையைப் பார்த்துவிட்டுச் சரியாகத்தானே இருக்கிறது என்று வியக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

தீர்வு ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதுவதுதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. வின்டோஸ் 10இன் 2019 மே பதிப்பு முதல், 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில ஒலிப்படி எழுதும் அஞ்சல் விசைப்பலகையும் கணினியிலேயே வருகின்றன. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். கைக்குப் பழகிய தட்டச்சு முறையை விட மனமில்லாதவர்கள் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய விசையமைப்பிலேயே ஒருங்குறியில் எழுதலாம். பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் கிடைக்கின்றன. தமிழ் பேசும் குரலுக்கு என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் போதும். இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேகமாகப் பேசினாலும் தெளிவு குறையாது. மனிதக் குரலுக்கு நெருக்கமாக வேண்டுவோர் வின்டோஸ் பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் வரும்.

வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்புகளும் இதே வகையில் ஏமாற்றும். பார்வையுள்ளவர் அனுப்புமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம்: கோப்பில் ஏதேனும் ஒரு சொல்லை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சொல் அகப்படாமல் பக்கம் முழுவதும் ஒரே படமாக நின்றால், திரைவாசிப்பானுக்கும் அது வெறும் படம்தான்.

எழுந்து போகுமுன் உள்ளீட்டு மொழியையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். வின்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். தமிழில் விட்டுப்போனால், அடுத்தவர் ஏதேனும் ஒரு தளத்தில் கடவுச்சொல்லை இடும்போது என்விடிஏ ஒவ்வோர் எழுத்துக்கும் நட்சத்திரம் என்று மட்டுமே சொல்லும் என்பதால் தவறு எங்கே என்று பிடிபடாது. கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். மேசைத்திரையில் இடம் பார்த்து வைக்கும் படவுருக்கள் எனக்குப் பயன்படா. முதல் எழுத்தை அழுத்தித்தான் நான் கோப்பைத் தேடுகிறேன். விசைப்பலகையின் எஃப், ஜே விசைகளில் உள்ள மேடுகளின் மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

சத்தமில்லாமல் போனால்

எல்லா ஏற்பாடுகளையும் மீறிக் கணினி மௌனமாகிவிட்டால், ஆற்றல் பொத்தானுக்குப் போகுமுன் இந்த வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் காதணி ஏதேனும் செருகியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பிறகு ஒலியைக் கூட்டும் விசையைச் சிலமுறை அழுத்துங்கள். அடுத்து இன்சர்ட்டுடன் எஸ். யாரேனும் பேச்சு நிலையை மாற்றியிருந்தால் இரண்டு மூன்று அழுத்தங்களில் குரல் திரும்பும். அதன்பின் கன்ட்ரோல், ஆல்ட், என். என்விடிஏ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலும் இது அதை மறுபடி தொடங்கிவிடும். அதற்கும் அசையாவிட்டால் வின்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். வின்டோஸிலேயே இருக்கும் நரேட்டர் என்ற மற்றொரு திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். அது பேசினால் ஒலியில் குறையில்லை, என்விடிஏவில்தான் குறை என்று தெரிந்துகொள்ளலாம். அதுவும் பேசாவிட்டால் ஒலி வேறு சாதனத்துக்குப் போயிருக்கக்கூடும். வீட்டிலுள்ள புளூடூத் ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

இந்த வரிசையைப் பிரெய்லில் ஓர் அட்டையில் குத்தி மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதையே தன் கையெழுத்தில் எழுதித் திரையின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள் என் மகள். அவளுடைய தாளில் முதல் வரி, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்பது.